எந்தக் கட்டம்

"தெஃப்டா, ராபரியா?"
சாட்ஸ்வொர்த் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் சிபியா.
படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் டிக் போடலாமாம்.
ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால் தெஃப்ட்,
ஆளை மிரட்டி எடுத்தால் ராபரி.
திருட்டு, கொள்ளை என்று
எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டும் பொருந்தவில்லை.

எனக்குத் தெரியும்.
விழித்துத்தான் கிடந்தேன்,
தூங்குகிறவளைப்போல மூச்சை இழுத்து இழுத்து.
யூனிட் ஏழில் அத்தனை நாயும் குரைத்தும்
அவன் அவசரப்படவில்லை.
டிவி ஒயரை முழங்கையில் சுற்றி மடித்தான்,
துணிக்கொடி அவிழ்க்கிறவன் மாதிரி.
போகும்போது
தரையில் கிடந்த போர்வையை எடுத்து
என் காலை மூடினான்.

"மிரட்டினானா?"
இல்லை.
"பயந்தீர்களா, மிஸஸ் படையாச்சி?"
போர்வை காலில் படும்வரை இல்லை.

பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது.
பிறகு,
"டிவி என்ன மேக்?" என்றார்.