ஒன்பது பிக்சல்

கொக்கு காலைத் தூக்கும்போது
விரல்கள் குடைக்கம்பிகள் போல மடங்கிக்கொள்ளும்;
நீருக்குள் வைக்கும்போது
சத்தமில்லாமல் விரியும்.
இதை வரைய எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.
நொடிக்குப் பன்னிரண்டு படம்,
ஓர் அடிக்கு நாற்பத்தொரு படம்.
ஏழாம் நாள் வரைந்ததெல்லாம் கோழி.

தெற்கு எஸ்தோனியாவில்
வாரத்துக்கு மூன்று முறை பேருந்து வரும் ஊரில்
மூடிப்போன பால் நிலையம் ஒன்றில் இருக்கிறேன்.
வாடகை குறைவு.
மார்ச்சில் வெள்ளம் வந்தால்
கணினியை அலமாரிமேல் ஏற்றிவிட்டு
படகில் போய் ரொட்டி வாங்க வேண்டும்.

நான் செய்யும் விளையாட்டில்
சுடுவதற்கு யாருமில்லை, சேர்க்கக் காசுமில்லை.
ஒரு சதுப்பு நிலம். நீங்கள் அதில் நடக்கலாம்.
உங்கள் எடைக்குப் பாசி அமிழும்,
நீங்கள் போனபின் அவசரமில்லாமல் எழும்.
மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் கொக்கு வரும்.
இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

"வந்து?" என்றார் தாலினிலிருந்து அழைத்த விநியோகஸ்தர்.
வரும், என்றேன்.
"சரி, வந்து?"
வரும்.
சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலில் ஆடிப்பார்த்தவன் ஹில்லார்.
பக்கத்து வீடு. கரிமண் கம்பெனியில்
இருபத்தாறு வருடமாக எக்ஸ்கவேட்டர்.
அவன் கால்வாய் வெட்டி வடித்த சதுப்பு
மூட்டைகளாகி யார் யார் பூந்தொட்டிக்கோ போகிறது.
நான் வரைவதை அவன் காலி செய்கிறான் என்று
இருவருக்கும் தெரியும்; பேசுவதில்லை.
கிரான்பெர்ரி ஜாம் மட்டும் வேலிக்குமேல் கைமாறும்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.
"கால்வாய்த் தண்ணீர் தப்பு.
பால் ஊற்றாத தேநீர் நிறம் அது. நீ நீலம் அடித்திருக்கிறாய்."
மாற்றினேன்.
"பாசியைப் பிழிந்தால்
விரலிடுக்கில் முதலில் நுரைதான் வரும்."
அதையும்.
தோண்டித் தோண்டியே ஒரு நிலத்தை
இவ்வளவு தெரிந்துகொண்டவன்மேல்
கோபமும் வரவில்லை, மெச்சவும் வாய் வரவில்லை.

பிறகு நின்றான். மூன்று நிமிடம். ஐந்து. பத்து.
கொக்கு வரவில்லை.
நிரலில் பிழையென்று அவன் தோள்வழி எட்டிப் பார்த்தேன்.
பிழை அவன் கட்டைவிரலில் இருந்தது.
இருபத்தாறு வருட அதிர்வு
எலும்புக்குள் குடியேறி
எஞ்சினை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.
திரையில் அவன் உருவம்
குளிரில் நிற்பவன்போல
இம்மி இம்மியாய் இடம் மாறிற்று.
"என்னை அதுக்கு அடையாளம் தெரியுது" என்று சிரித்தான்.
சிரித்துவிட்டு, கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அன்றிரவு ஒரு வரி எழுதினேன்:
ஒன்பது பிக்சலுக்குள் நடுங்கினால்
அது அசைவு அல்ல.
எட்டு போதுமா என்று
என் கையை நானே ஆட்டிப் பார்த்தேன். போதாது.

சனிக்கிழமை வந்தான். நின்றான்.
மூடுபனி ஓரத்தில் ஒரு சாம்பல் கீற்று
கழுத்தாகி, உடலாகி,
என் பதினோரு நாளும்
ஒவ்வொரு விரலாய் மடங்கி விரிந்து
அவனிடம் நடந்து வந்தது.
அவன் மூச்சு விடவில்லை. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.
கொக்கு அவன் காலடியில் குனிந்து
ஒரு கிரான்பெர்ரியைத் தின்றது.
(அதை நான்கே படத்தில், அரைகுறையாகத்தான் வரைந்திருந்தேன்.)
"சௌனா சூடாகியிருக்கும்" என்று எழுந்து போனான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு
அவன் இயந்திரம் வழக்கம்போலக் கிளம்பியது.

ஏப்ரலில் ஒலிப்பதிவுக் கருவியோடு
பலகைப் பாதையின் முனைக்குப் போனேன்.
தூரத்தில் இரண்டு, நிஜமாகவே.
மூக்கு அரித்தது. கையை முகம்வரை கொண்டுபோனேன்,
அவ்வளவுதான்,
எழும்பிவிட்டன.

பதிவில் இருப்பது
சிறகடிப்பு, என் கெட்ட வார்த்தை ஒன்று,
அப்புறம் வெகுதொலைவில், ஒரே சீராக,
ஹில்லாரின் எஞ்சின்.
வெட்டி எறியவில்லை.
விளையாட்டில் அதை எங்கே வைப்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.