இடப்பக்கம்

எட்டு மணிக்கு விரல் வைக்க வேணும்.
எட்டு ஒன்றுக்கு வைத்தால்
மெசின் சிவப்பாய் ஒரு சத்தம் போடும்,
இரத்த வங்கி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அந்த எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணினோம்
நானும் புவிதரனும்,
பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்.
எனக்கு மட்டக்களப்பு. அவனுக்கு அக்கரைப்பற்று.
இடையில் ஒரே ரோட்டு,
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி.
எங்கே கோடு கீறினாலும்
ஒருவரின் பக்கம்தான் நீளும்.

"ஒண்டரை மணித்தியாலம் என்ன பெரிய விசயமா?"
என்றான்.
அவனுக்கு பஸ் ஏறினால் நித்திரை.
வாய் பிளந்து தூங்கி
இறங்குமிடத்தில் சரியாக முழிக்கும் வரம்
வாங்கிப் பிறந்தவன்.
நான் அதே ஒன்றரையை
நின்றுகொண்டு கணக்குப் பார்க்கிறேன்:
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை,
பையின் வாரில் சட்டைப்பின்,
பின்னால் நிற்பது யாரென்று
முதுகாலேயே பார்த்தபடி.
இதை எழுதக் கலண்டரில் இடமில்லை.

மறுகா, வெள்ளோட்டம் விட்டேன்.

குருக்கள்மடத்தில் இரண்டு நாள்,
கூட வேலை செய்யும் பிறேமிளா வீட்டில் நின்று.
"முப்பத்தைஞ்சு நிமிசம்" என்றார்
வீட்டுக்காரர் தங்கவடிவேல்,
வாடகையையும் நிமிசத்தையும் ஒரே மூச்சில்.
பொய்யில்லை.
அவர் சொன்னது பஸ் ஓடும் நேரம்.
முதல் பஸ் நிற்கவில்லை.
இரண்டாவது நின்றது,
ஒரு காலுக்கு மட்டும் இடமிருந்தது.
காத்தான்குடியில் நடுவீதி ஈச்ச மரங்கள்
எங்களைவிடத் தாராளமாக நின்றன.
கல்லடிப் பாலத்தில் காற்று வந்தபோது
என் முகம் யாரோ ஒருவரின் கமக்கட்டில்.
முப்பத்தைந்தே நிமிசம்.
இறங்கிய பிறகு அரை மணித்தியாலம்
ஊசி பிடிக்கக் கை நடுங்கியது.

பிறகு பாண்டிருப்பு,
அவனுடைய மச்சாள் வீட்டில்.
வேலைக்கு முதுகைக் காட்டி
தெற்கே இருபது நிமிசம் நடந்தேன்.
பாண் கொண்டு போன ஆட்டோக்காரர் நிறுத்தி
"மட்டக்களப்பு பஸ் அங்கால போகும் பிள்ளை" என்றார்.
தெரியும் என்றேன்.

ஆறேகால். கல்முனை பஸ் நிலையம்.
வெறும் பஸ்.
ஒருவரும் உட்காராத சீட்டுகளை
அத்தனை ஒன்றாய் நான் கண்டதில்லை.
இடப்பக்கம், மூன்றாவது, யன்னல்.

காலையில் வடக்கே போனால்
வெயில் வலப்பக்கம், கடலால் ஏறும்.
பின்னேரம் தெற்கே வந்தால்
அப்போதும் வலப்பக்கம், வாவிக்குள் இறங்கும்.
இரண்டு நேரமும் இடப்பக்கம் நிழல்.
கொண்டக்டர் நௌசாத்துக்குக்கூட
இது தெரிந்திருக்காது.

கல்லாற்றுப் பாலத்தில் ஒரு தோணி.
அதில் ஒருவர் குனிந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
நான் ஒன்றும் யோசிக்கவில்லை.
களுவாஞ்சிகுடியில் ஒரு பிள்ளைத்தாச்சி ஏறினாள்.
யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
முன்சீட்டுக்காரன் எழும்பினான், நல்லகாலம்.
ஆரையம்பதி வரை
என் காது சூடாக இருந்தது.
ஆனாலும் எழும்பவில்லை.

ஏழு நாற்பது. விரல் வைத்தேன். பச்சை.
கை நடுங்கவில்லை.

"பாண்டிருப்பு" என்றேன் அன்றிரவு.
"நடையை விட்டால் எண்பத்தைஞ்சு நிமிசம்."
அவன் கலண்டரைத் திருப்பிப் பார்த்தான்.
அவனுக்கு நாற்பதுதான் வருகிறது.
"எனக்காக இவ்வளவு விட்டுத்தாறியே"
என்று குரல் தழுதழுத்தான்.
நான் மறுத்துப் பேசவில்லை.
குரல் தெளியுமுன்
விடிய நாலரைக்குச் சோறு வடிப்பது
அவன் என்று பேசி முடித்தேன்.

தங்கவடிவேலுக்குப் போன் எடுத்தேன்.
"இஞ்ச முப்பத்தைஞ்சு, அங்க எண்பத்தைஞ்சு.
கணக்குத் தெரியாதா பிள்ளை?"
அவருக்கு என்ன சொல்வது.
நிமிசத்தில் உட்காருகிற நிமிசம், நிற்கிற நிமிசம்
என்று இரண்டு சாதி உண்டென்றா?

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
அந்த மூன்றாவது யன்னலின் கண்ணாடி
பாதிக்கு மேல் மூடாது.
இழுத்துப் பார்த்துவிட்டேன்.
ஐப்பசி வரட்டும்.
எண்பத்தைந்தும் நனைகிறதா என்று
அப்போது எண்ணலாம்.