இரண்டாம் பக்கம்

பஸ் நிலையத்து வாங்கில் கோப்பை வைத்துவிட்டுத்
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிய நேரத்தில்
மான் வந்து தின்றுவிட்டதாம்.

"முழுக்க இல்ல மிஸ், ரெண்டாம் பக்கம் மட்டும்"
என்கிறார் சுதர்ஜினி.
உப்புவெளி ஹோட்டலில் விரிப்புத் தோய்த்து
வெளுத்த விரல்களில்
முதலாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்.
நடுவில் ஸ்டாப்ளர் கம்பி,
அதில் தொங்கும் ஒரு வெள்ளை முக்கோணம்.
போட்டோக்கொப்பி எடுக்கத்தான் இறங்கினாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும்.
பிறகு இருவருக்கும் வரவில்லை.

ஏழு மாதம் காத்திருந்த அறிக்கை அது.
பெரியாஸ்பத்திரிக்கு அந்த டொக்டர் வருவது
மாதத்தில் ஒரு புதன்.
ஒரு புதன் போயாவில் போனது.
ஒரு புதன் வேலைநிறுத்தத்தில்.
ஒரு புதன், வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்று
பவிஷன் காதைப் பொத்திக்கொண்டு அலறியதில்.

அறிக்கை இருந்தால்தான் அவன் பெயர்
என் இடாப்பில் ஏறும்.
இடாப்பில் பன்னிரண்டு பெயர் இருந்தால்தான்
இன்னொரு ஆசிரியரைக் கேட்டு எழுதலாம்.
இப்போது பதினொன்று.

இது முன்பு விளையாட்டுச் சாமான் அறை.
மூலையில் இன்னும் இரண்டு ஈட்டிகள்,
காற்றுப் போன வலைப்பந்து.
கதவில் 'விசேட கல்வி அலகு' என்று எழுத வந்த பெயின்டர்
அலகு என்பதற்குப் பக்கத்தில்
யாரும் கேட்காமலே ஒரு பறவையை வரைந்துவிட்டுப் போனார்.
அதிபர் அழிக்கச் சொன்னார்.
நான் திராவகம் இல்லை என்று ஒரு தவணை,
துணி இல்லை என்று ஒரு தவணை சொன்னேன்.
பவிஷன் தினமும் அதன் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான்
உள்ளே வருவான்.

வலயக் கல்விப் பணிமனைக்குப் போன் எடுத்தேன்.
"மான் எண்டு கோப்பில எழுத ஏலாது, மிஸ்"
தயானந்தியின் குரலில் பாவம் இருந்தது, வழி இருக்கவில்லை.
"துலைஞ்சது எண்டு எழுதுங்கோ.
பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி ஒண்டும் வையுங்கோ."
பொலிசில் சுதர்ஜினியிடம் கேட்டார்களாம்,
எந்த மான் என்று.

தின்ற பக்கத்தில் என்ன இருந்தது?
ஓர் அட்டவணை.
முடியும், உதவியோடு முடியும், முடியாது.
டொக்டர் வாசித்துக் காட்டியபோது
அவர் கண்ணால் எண்ணியிருக்கிறார்.
"சரி போட்டதெல்லாம் முடியாது எண்ட இடத்திலதான், மிஸ்."

ஒன்றை மட்டும் வலயத்துக்கு நான் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடம்
அவனை நாலாம் தரம் 'பி'க்கு அனுப்புகிறேன்.
படிவம் இல்லை, கடிதம் இல்லை.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் குலேந்திரன் சேர்
முகத்தைச் சுளித்தபடி கதவைத் திறந்துவிட்டார்.
முதல் வாரம் மேசைக்குக் கீழே இருந்தான்.
இரண்டாம் வாரமும் மேசைக்குக் கீழே.
மூன்றாம் வாரம் ருக்சிகா என்றொரு பிள்ளை
ஒன்றும் பேசாமல்
அடிமட்டத்தைக் கீழே நீட்டியிருக்கிறாள்.

இடைவேளையில் சேர் வந்து
வாசலிலேயே நின்றார்.
"மேசைக்காலை அளந்தவன், மிஸ்.
முப்பது, முப்பது, பிறகு அடிமட்டத்தைத் திருப்பி.
அறுபத்தொண்டு எண்டான்.
வகுப்பு முழுக்கக் குனிஞ்சு அளந்து பாத்தது.
கொஞ்ச நேரம் கழிச்சு
'அரை' எண்டு தனியாச் சொன்னவன்."
சொல்லிவிட்டுப் பறவையைப் பார்த்தார்.
ஆர் கீறினது என்று கேட்டார்.

இடாப்பின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 61½.
எந்த நிரலிலும் அதற்கு இடமில்லை.

அடுத்த கிளினிக் மார்கழியில்.
பிளாஸ்ரிக் கோப்பு உறை ஒன்று வாங்கிக் கொடுத்து,
இந்த முறை வாங்கில் வைக்காதீர்கள்,
மடியில் வைத்திருங்கள் என்றேன்.

"மடியில அவன் இருப்பான், மிஸ்"
என்றார்.