நாற்பத்தோராவது நிமிடம்

மகள் கேட்ட பேய்ப்படத்தை
முதலில் நான் பார்க்கிறேன், சத்தத்தைக் குறைத்து.
மனிசிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
கல்லடியில் கடல் மட்டும் முழித்துக் கிடக்கு.

கரண்ட் பில்லின் பின்பக்கம் குறிக்கிறேன்:
பன்னிரண்டு, கிணற்றுக்குள் கை. பரவாயில்லை.
இருபத்தாறு, கூரையில் தலைகீழாக ஒருத்தி;
காதடியில் ஒப்பனை உரிந்து கிடக்கு. சிரிப்பாள்.
முப்பத்துமூன்று, இரத்தம்.
தக்காளிச் சோஸ் என்று பக்கத்தில் இருந்து சொல்ல வேணும்.

நாற்பத்தொன்று.
நாய்கள் குரைக்கின்றன.
மறுகா எல்லாம் ஒன்றாக நிறுத்துகின்றன.
கதவில் மூன்று தட்டு.
ஒருவன் சாரனை இறுக்கிக் கட்டியபடி எழும்புகிறான்,
"ஆரது?" என்கிறான்.
பேய் இன்னும் வரவேயில்லை.

டிவியை நிறுத்திவிட்டு
வாசல் கதவின் கொண்டியைத் தொட்டுப் பார்த்தேன்.
தொண்ணூறில் எனக்கும் பத்து வயது.
பில்லில் எழுதினேன்: வேண்டாம்.
ஏன் என்று எழுதப் போன பேனை
அப்படியே நின்றது.

"வகுப்பில எல்லாரும் பார்த்திட்டாங்க."
மூன்று நாள் இதே பாட்டு. விட்டுவிட்டேன்.
ஞாயிறு பின்னேரம் யதுர்ஷனா கச்சான் கொறிக்க,
நாற்பதாம் நிமிடம்
தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன்.
கேத்தல் கொதித்துக் கொதித்து வற்றியது.

"அப்பா, அந்த இடம் முடிஞ்சிட்டு, வாங்க."

பில்லை எங்கே கண்டாளோ,
"வேண்டாம்" என்பதற்கு முன்னால்
பென்சிலால் சேர்த்திருந்தாள்:
அப்பாவுக்கு.

திங்கட்கிழமை கட்டப் போனேன்.
கவுண்டரில் இருந்தவர்
பின்பக்கம் பார்க்காமலே சீல் குத்தினார்.