ஒட்டவைத்த முனை

இருபத்து நாலாம் தேதி மத்தியானம்
மூன்று தடவை கை கழுவினேன்.
சோப்புத்தூள், எலுமிச்சைத் தோல்,
கடைசியில் சர்க்கரையும் எண்ணெயும்.
அப்படியும் நகக்கண்ணில் டீசல் இருந்தது.
திராட்சை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜெனோவாவின் வார்டுச் சிநேகிதிகள் நாலு பேர்
டூட்டி முடிந்து ஏழு மணிக்கு வருவதாகப் பேச்சு.
கேக் எல்லார் வீட்டிலும் இருக்கும்.
பிரியாணி நாளைக்கு.
வேறென்ன வைக்கலாம் என்று தேடியதில்
போனில் ஒரு வெள்ளைக்காரம்மா
பழத்தையும் சீஸையும் வரிசையாய் அடுக்கி
தட்டில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நட்டாள்.
அவளுக்கு இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டு.
எனக்கு இரண்டரை மணி நேரம்.

கல்மண்டபத்துக் கடையில்
சீஸ் டப்பாவின் விலையைத் திருப்பிப் பார்த்து
அதே காசுக்கு வரும் வஞ்சிரத்தை
ஒரு நிமிஷம் மனசுக்குள் நறுக்கிவிட்டு
வாங்கினேன்.

வீட்டிலேயே பெரிய தட்டு
மீன் கழுவி வைக்கிற தட்டுதான்.
புளி போட்டுத் தேய்த்து முகர்ந்தேன்.
சாம்பல் போட்டுத் தேய்த்து முகர்ந்தேன்.
வாழையிலையை விரித்துவிட்டு
முகர்வதை நிறுத்திக்கொண்டேன்.

அடிவரிக்குப் பச்சைத் திராட்சை பதினேழு,
அதற்கு மேல் சீஸ் கட்டி,
அப்புறம் கொய்யா, மறுபடி திராட்சை,
இடுக்கிலெல்லாம் மாதுளை முத்து.
அடிமரத்துக்கு ஒன்றும் கிடைக்காமல்
இரண்டு கடலைமிட்டாய்.

நட்சத்திரம்தான் என் வேலை.
சீஸ் ஸ்லைஸைப் பலகையில் விரித்தேன்,
கேஸ்கெட் ஷீட்டை விரிப்பது போல.
இருபத்தாறு வருஷமாய் விசைப்படகு எஞ்சினுக்கு வெட்டுகிறேன்,
ஒரு நூல் பிசகினால்
நடுக்கடலில் எண்ணெய் கக்கும்.
ஐந்து முனை. ஒரு முனை ஒடிந்தது.
விரலால் அழுத்தி ஒட்டவைத்தேன்.
சீஸிடம் அது ஒரு நல்ல குணம்.

ஏழேகால். ஏழரை.
மரத்துக்கு வியர்த்தது.
எறும்புகளுக்கு மட்டும் யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள்.
எட்டு பத்துக்கு போன்:
‘மாத்த வேண்டியவங்க வரல சிரிலு.
நாங்க யாரும் வர முடியாது.
நீ சாப்ட்டுப் படு.’

மரத்தைப் பார்த்தேன்.
இதைத் தனியாகச் சாப்பிட
ஒரு மனுஷன் ரொம்பக் கெட்டவனாக இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடினேன்.
பக்கத்து வீட்டு கௌஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து
தட்டை மடியில் வைத்துக்கொண்டான்.
சூரியநாராயணா தெருமுனைவரை
கன்டெய்னர் லாரிகள் வால் நீட்டி நின்றன.
முதல் மேட்டில்,
‘அண்ணே, கீழ்வரி போச்சு.’
பாலத்தில்,
‘நடுவுலயும்.’
எம்.சி. ரோட்டுப் புதுத்துணிக் கூட்டத்தில்
அவன் ஒன்றுமே சொல்லவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டான்லியில், நர்ஸ் அறை மேசையில்,
ரிஜிஸ்டரை நகர்த்திவிட்டுப் பிரித்தோம்.
சிஸ்டர் எப்சிபா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
‘இன்னாண்ணே ஷேப்பு இது?’
‘மரம்.’
‘எந்தப் பக்கம் மேல?’
கௌஸ் கடலைமிட்டாயைக் காட்டி
‘இது கீழ’ என்றான்.
அது ஒன்றில்தான் சந்தேகம் இல்லை.

நின்றபடியே சாப்பிட்டார்கள்,
ஒரு காதை வார்டிலேயே விட்டுவிட்டு.
மணி அடித்தது. இருவர் ஓடினார்கள்.
திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.
ஆயா மங்களேசுவரி முதல்தடவை சீஸ் மென்று
‘சோப்பு மாரி கீதே’ என்றாள்,
பிறகு கொய்யாவோடு இன்னொன்று எடுத்தாள்,
பிறகு இன்னொன்று.

ஜெனோவாவின் வெள்ளைக் கோட்டில்
சிவப்பாய் ஒரு சொட்டு.
எப்சிபா பதறிப் பஞ்சோடு வந்தாள்.
‘மாதுளைடீ’ என்று ஜெனோவா சொன்னாள்.
சிரிக்க ஆரம்பித்தவள்
கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை.

நட்சத்திரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பூசைக்கு மணியடிக்கும் நேரம் திரும்பி வந்து
வண்டியை நிறுத்தினோம்.
கசங்கிய பிளாஸ்டிக் தாளைத் தெருவிளக்கில் பிரித்த கௌஸ்
உள்பக்கம் அப்பிக்கிடந்ததைக் காட்டினான்:
‘நாலு முனை நசுங்கிப் போச்சுண்ணே.
நீ ஒட்டுனது அப்படியே கீது.’