குப்பியில் மிச்சம்

கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
வால்டெமாருக்கு இமைதான் பகை.
மொந்தேவீதியோ கடற்கரைச் சாலையில்,
பேருந்து நிறைய ஆட்கள்,
சட்டென்று சாத்திக்கொண்டது.
விரலால் தூக்கிப் பிடித்தபடியே
அடுத்த நிறுத்தம்வரை ஓட்டினார்.
அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

கெட்டுப்போன இறைச்சியில்
மனிதன் முதலில் சந்தித்த நஞ்சு.
டாக்டர் நெலிடா உப்புநீர் விட்டு
குலுக்காமல் சாய்க்கிறார்.
இமையோரம் ஆறு குத்து.
"மூன்று மாதம் திறந்திருக்கும்."

குப்பியில் மிச்சம்.
நாளைக்கு ஆகாது, கொட்டவும் மனசில்லை.
வரவேற்பு மேசை இர்மா வந்து உட்காருகிறாள்.
புருவ நடுவில் இரண்டு கோடு,
மகன் மாத்ரித் போன வருஷம் விழுந்தவை.

பத்தாம் நாள்
கண்ணைக் காட்ட வந்த வால்டெமார்
பார்க்கிறார்:
தொலைபேசியை வைத்துவிட்டு
இர்மா அழுகிறாள்.
நெற்றிக்கு மட்டும்
இன்னும் தகவல் போகவில்லை.