மூன்றாவது அனுமானம்

இரண்டு நாடு, இரண்டு பண்டம்.
மேடம் எழுத எழுத
கரும்பலகை வியர்க்கிறது.
ஊட்டியில் ஜூலையில்
சாக்பீஸ் பாதிதான் ஒட்டும்.

பாடப்புத்தகத்துத் துணியும் மதுவும் வேண்டாமென்று
தேயிலையும் பூண்டும் வைத்துக்கொண்டார்.
எது நமக்கு ஒப்பீட்டில் மலிவோ அதைச் செய்,
மற்றதை வாங்கிக்கொள்.

கடைசி பெஞ்சில் பெள்ளிராஜ் எழுந்தான்.
விலை படியாமல் அவன் அப்பா
பன்னிரண்டு மூட்டைப் பூண்டை
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து
போன வாரம்தான் திரும்ப மலையேற்றியிருந்தார்.
"லாரி வாடகை யார் கணக்கு மேடம்?"
போக்குவரத்துச் செலவு பூஜ்ஜியம்,
அது இரண்டாவது அனுமானம். உட்கார்.

மூன்றாவது:
உழைப்பு நாட்டுக்குள் நகரும்.
நாடு விட்டு நாடு நகராது.

எழுதிக்கொண்டேன்.
சிவப்பில் அடிக்கோடும் போட்டேன்.

கோத்தகிரி பஸ்ஸில், தொட்டபெட்டா பிரிவு தாண்டித்தான்
உறைத்தது.
எங்கள் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில்
இன்னொரு கார்டு கிடக்கிறது.
தலைமன்னாரில் ஏறிய தேதி,
ராமேஸ்வரத்தில் இறங்கிய தேதி,
மண்டபம் முகாம் முத்திரை.
நபர்கள் ஆறு, பெட்டி நான்கு,
தையல் மெஷின் ஒன்று.
மெஷினுக்குத்தான் சுங்கம் கேட்டார்களாம்.

ஏழு பேரை இந்தியா எடுத்துக்கொண்டால்
நாலு பேருக்கு அங்கே குடியுரிமை.
அப்படித்தான் இருந்தது ஒப்பந்தம்.
வாணிப விகிதம் என்கிற அத்தியாயத்தில்
தேடிப் பார்த்தேன்,
ஏழுக்கு நாலு இல்லை.

செமஸ்டரில் கேட்டார்கள்:
அனுமானங்களைப் பட்டியலிடுக.
வரி மாறாமல் எழுதினேன்.
ஐந்துக்கு ஐந்து.

லாரி வாடகையைச் சேர்த்து எழுதிய பெள்ளிராஜுக்கு
ஒன்றரை.